தண்ணீருக்குள் கண்ணைத் திறக்கலாமா? எந்தத் தண்ணீர் என்று முதலில் சொல்லுங்கள்

கேள்வி கேட்டவர் ஓர் அம்மா. எட்டு வயது மகள் நீச்சல் வகுப்புக்குப் போகிறாள். நீச்சல் கண்ணாடி மாட்டிவிட்டால் மீன்குஞ்சு மாதிரி நீந்துகிறாள். கழற்றிவிட்டால் முகத்தையே தண்ணீரில் வைக்க மாட்டேன் என்கிறாள். கண்ணாடி இல்லாமலும் கண்ணைத் திறந்து பழக வேண்டும் என்கிறார் பயிற்சியாளர். "பிள்ளைக்குக் கண்ணு போயிரும், வேண்டாம்" என்கிறார் பாட்டி. யார் சொல்வது சரி? பழகப் பழகத் தெளிவாகத் தெரியுமா?

பராமரிப்பு நன்றாக இருக்கும் நீச்சல் குளம் என்றால் பயிற்சியாளர் சொல்வது சரி. சில விநாடி, ஒரு நிமிடம் கண்ணைத் திறப்பதால் கண் போகாது. ஆனால் ஊர்க் குளம், கம்மாய், மழைநீர் தேங்கிய குட்டை என்றால் பாட்டி பேச்சைக் கேளுங்கள். இரண்டும் ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். கண் பரிசோதனைதான் எனக்குப் பத்தொன்பது வருட வேலை. வார இறுதியில் பிள்ளைகளுக்கு நீச்சலும் சொல்லித் தருகிறேன். இரண்டு இடத்திலும் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது.

நான் நீச்சல் கற்றுக்கொண்டது தோட்டத்துக் கிணற்றில். இடுப்பில் கயிறு கட்டி, முதுகில் சுரைப்புருடை கட்டி, மாமா மேலே இருந்து பிடித்துக்கொள்வார். எனக்குப் பதினொரு வயது இருக்கும்போது அம்மாச்சியின் பித்தளைச் செம்பு கிணற்றில் விழுந்துவிட்டது. பாதாளக்கரண்டியை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். கோடைக்காலம், எட்டடித் தண்ணீர்தான் கிடந்தது. மாமா என்னைப் பார்த்து, "நீ போய் எடுத்துட்டு வா. கண்ணைத் தொறந்துக்கிட்டே போ. மூடிக்கிட்டுப் போனா கைக்குச் சேறுதான் வரும்" என்றார்.

திறந்துகொண்டே போனேன். முதலில் ஒரு சுரீர். அப்புறம் எல்லாம் பச்சை. கீழே கறுப்பு. அந்தக் கறுப்பில் ஓரமாக ஒரு மஞ்சள் திட்டு. செம்புக்குரிய கழுத்து, விளிம்பு எதுவும் தெரியவில்லை. மாவில் மஞ்சள் கரைத்து ஊற்றின மாதிரி ஒரு கறை. அதை நோக்கிக் கையை நீட்டினேன், செம்பு இடித்தது.

அந்த மஞ்சள் திட்டுதான் உங்கள் கேள்விக்கான விடையில் பாதி. தண்ணீருக்குள் வெறும் கண்ணுக்குப் பொருளின் வடிவம் தெரியாது. அது இருக்கும் இடம் தெரியும். எழுத்து தெரியாது, வெளிச்சம் எந்தப் பக்கம், தரை எந்தப் பக்கம், ஆள் எங்கே நிற்கிறார் என்பது தெரியும்.

ஏன் இப்படி? கண்ணின் மொத்த பவர் ஏறக்குறைய 60 டயாப்டர் (லென்ஸின் பவரை அளக்கும் அலகு). அதில் 43 அளவு கார்னியாவுடையது. கார்னியா என்பது கருவிழிக்கு மேலே கைக்கடிகாரக் கண்ணாடி மாதிரி குவிந்திருக்கும் தெளிவான படலம். உள்ளே இருக்கும் லென்ஸ் செய்யும் வேலை மீதிதான். காற்றிலிருந்து கார்னியாவுக்குள் நுழையும்போது ஒளி நன்றாக வளைகிறது, ஏனென்றால் இரண்டின் ஒளிவிலகல் எண்ணுக்கும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்று காட்டும் எண்) பெரிய வித்தியாசம்: காற்றுக்கு 1, கார்னியாவுக்கு 1.38. தண்ணீருக்கு 1.33. ஆகவே தண்ணீருக்குள் போனதும் ஒளியைப் பொறுத்தவரை கார்னியா இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். அந்த 43 பவர் கிட்டத்தட்ட முழுதாகப் போய்விடுகிறது. வெள்ளெழுத்துக்கு நாம் கொடுக்கும் கண்ணாடி +2, +2.5. இங்கே தேவைப்படுவது +40க்கு மேல்! அதனால்தான் அந்த மங்கல். கண்ணில் கோளாறு ஏதும் இல்லை. வெளியே வந்த மறுவிநாடி எல்லாம் பழையபடி ஆகிவிடும்.

மீன் எப்படிப் பார்க்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். அதற்கு வீட்டிலேயே ஆதாரம் இருக்கிறது. மீன் குழம்பில் தலைத்துண்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தெரியும், கண்ணுக்குள்ளிருந்து வெள்ளையாக உருண்டையாக ஒன்று வரும், பல்லில் கடிபடும். அதுதான் மீனின் லென்ஸ். உயிரோடு இருந்தபோது கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது, வெந்ததும் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வெளுத்துவிட்டது. அதன் உருண்டை வடிவத்தைக் கவனியுங்கள். நம் லென்ஸ் பயறு மாதிரித் தட்டையானது; முக்கால்வாசி வேலையைக் கார்னியா பார்த்துக்கொள்வதால் அது போதும். மீனுக்குத் தண்ணீருக்குள் கார்னியா உதவாது, எல்லா வேலையும் லென்ஸ் தலையில். அதனால் கோலிக்குண்டு மாதிரி இருக்கிறது. நீந்தக் கற்றுக்கொடுக்கும் முன் இதைக் காட்டிவிட்டால் "எனக்கு மட்டும் ஏன் தெரியலை" என்ற பயம் பாதி குறைந்துவிடும்.

நீச்சல் கண்ணாடி செய்வது ஒன்றே ஒன்றுதான்: கண்ணுக்கு முன்னால் கொஞ்சம் காற்றை அடைத்து வைக்கிறது. கார்னியாவுக்கு அதன் வேலை திரும்பக் கிடைத்துவிடுகிறது. ஆனால் கண்ணாடி வழியாக எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், நாலடித் தூரத்தில் இருப்பது மூன்றடியில் இருப்பதாகவும் தெரியும். அதனால்தான் புதிதாகப் போடும் பிள்ளைகள் நாணயத்தை எடுக்கப் போய் அதற்கு முன்னாலேயே கையை மூடிக்கொள்கிறார்கள்.

சரி, பழகினால் தெரியுமா? ஓரளவுக்குத் தெரியும், அதுவும் பிள்ளைகளுக்கு. இதை அழகாகக் காட்டியவர் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர் அன்னா கிஸ்லேன். தாய்லாந்துக்கும் மியான்மருக்கும் மேற்கே அந்தமான் கடல் தீவுகளில் மோக்கென் என்ற கடலோடி மக்கள் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் கண்ணாடி எதுவும் இல்லாமல் கடலுக்கடியில் சிப்பியும் கடல் வெள்ளரியும் பொறுக்குவார்கள். 2003-ல் வெளியான ஆய்வில், ஐரோப்பியப் பிள்ளைகளைவிட அவர்களுக்குத் தண்ணீருக்குள் இரண்டு மடங்கு நன்றாகத் தெரிகிறது என்று அளந்து சொன்னார். தண்ணீருக்குள் போனதும் அவர்கள் கண்மணி, அதாவது கருவிழி நடுவில் ஒளி நுழையும் துளை, 2 மில்லிமீட்டருக்கும் கீழே சுருங்கிவிடுகிறது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கு 2.5 அளவில் நின்றுவிடுகிறது. கூடவே லென்ஸையும் முடிந்தமட்டும் குவிக்கிறார்கள்.

கண்மணி சுருங்கினால் ஏன் தெளிவு கூடும் என்று பார்க்க வேண்டுமா? பார்வைக்காகக் கண்ணாடி போடுகிறவர் அதைக் கழற்றிவிட்டு, ஒரு அட்டையில் ஊசியால் துளை போட்டு அதன் வழியாகக் காலண்டரைப் பார்க்கட்டும். தேதி தெரியும். அதே தந்திரம்தான்.

அப்புறம் சுவீடன் பிள்ளைகளையே அழைத்து ஒரு மாதத்தில் பதினொரு முறை பயிற்சி கொடுத்தார்கள். அவர்களும் மோக்கென் பிள்ளைகள் அளவுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே இது பிறவி வரம் இல்லை, பழக்கம். பெரியவர்களுக்கு வயதாக ஆக லென்ஸ் இறுகிவிடுவதால் அந்த வளைந்துகொடுக்கும் தன்மை போய்விடும். நாற்பதைத் தாண்டிய எனக்கு இனி அந்த மஞ்சள் திட்டுக்கு மேல் கிடைக்காது. உங்கள் மகளுக்குக் கிடைக்கலாம். வெயில் நன்றாக அடிக்கும் நேரத்தில், தெளிந்த தண்ணீரில் பழகினால் கண்மணி தானாகச் சுருங்கும், சீக்கிரம் தெரியும். இருட்டுக் கிணற்றில் கண்மணி விரிந்துவிடுவதால் மங்கல் இன்னும் கூடும்.

தெளிவாகத் தெரிவதற்காக மட்டும் இதைப் பழகச் சொல்லவில்லை. ஒருமுறை எங்கள் வகுப்பில் பன்னிரண்டு வயதுப் பையன், கண்ணாடியோடு நிற்காமல் பத்துச் சுற்று போடுகிறவன், நடுக்குளத்தில் வார் அறுந்து கண்ணாடி நழுவியது. கையைக் காலை உதைப்பதை அப்படியே நிறுத்திவிட்டான். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு செங்குத்தாக நின்று தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தான். கரை ஆறடித் தூரம்தான். நான்தான் குதித்து இழுத்து வந்தேன். அவனுக்கு நீச்சல் தெரியாமல் இல்லை. கண்ணில் தண்ணீர் பட்டதும் எல்லாம் மறந்துவிட்டது. தவறி விழுகிற எவரும் கண்ணாடி மாட்டிக்கொண்டு விழுவதில்லை. அன்றிலிருந்து என் வகுப்பில் கண்ணாடி இல்லாமல் பத்து நிமிடம் கட்டாயம்.

அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கத்தின் நீச்சல் பாடத்தில் தண்ணீருக்குள் கண்ணைத் திறப்பது முதல் படியிலேயே இருக்கிறது. அவர்களுடைய உயிர்காப்பாளர் பயிற்சியில் சேருவதற்கான தேர்வில் 20 கெஜம் நீந்திப்போய், ஏழிலிருந்து பத்தடி ஆழத்தில் கிடக்கும் 10 பவுண்டு எடையை எடுத்துவர வேண்டும். நீச்சல் கண்ணாடிக்கு அனுமதி கிடையாது. முங்கினவரைத் தேடுகிறவருக்கு அந்தத் திட்டு தெரிந்தாக வேண்டும் அல்லவா?

இனி பாட்டியின் பக்கம். தண்ணீர் எல்லாம் ஒன்றில்லை.

நம் கண்ணீரில் உப்பு சுமார் 0.9 சதவீதம். கடலில் 3.5. கிணற்றில், ஆற்றில் அநேகமாக ஒன்றுமில்லை. கடல்நீர் கார்னியாவின் மேல்தோலிலிருந்து நீரை உறிஞ்சுகிறது. நல்ல தண்ணீர் உள்ளே இறங்கி அதை லேசாக ஊத வைக்கிறது. இரண்டுமே கண்மேல் படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தைக் கழுவிவிடும். அந்தப் படலத்தில் எண்ணெய், நீர், சளி மாதிரி ஒரு வழவழப்பு என்று மூன்றும் இருக்கின்றன. அது போனதும் கண் உறுத்துகிறது, சிவக்கிறது. கொஞ்ச நேரத்தில் புதிதாக ஊறிவிடும்.

நீச்சல் குளத்தில் கண் எரிந்தால் "குளோரின் ஜாஸ்தி" என்பார்கள். பெரும்பாலும் அது தவறு. குளோரின் நம் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து குளோரமின் என்ற பொருளாக மாறுகிறது. எரிச்சலுக்கும் அந்த மூக்கைத் துளைக்கும் வாடைக்கும் அதுதான் காரணம். வாடை தூக்கலாக அடிக்கிற குளம் சுத்தமான குளம் இல்லை. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின் அங்கே அழுக்கோடு மல்லுக்கட்டி முடிந்துபோயிருக்கிறது. வகுப்பில் சேர்க்கும் முன் நீங்கள் ஒருமுறை போய் மோந்து பாருங்கள். ஆழமான பக்கத்தில் தரையில் இருக்கும் கோடு மேலிருந்து தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள். இறங்கும் முன் எல்லாரையும் குளிக்கச் சொல்கிறார்களா என்றும். இந்த மூன்றும் சரியாக இருந்தால் அங்கே கண்ணைத் திறக்கலாம்.

நெடுநேரம் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. 1983-ல் அமெரிக்காவில் 50 பேரைக் குளோரின் குளத்தில் நீந்தவிட்டுச் சோதித்தார்கள். 68 சதவீதம் பேர் விளக்கைச் சுற்றி வானவில் மாதிரி வளையம் தெரிவதாகச் சொன்னார்கள். கார்னியா லேசாக ஊதியிருப்பதன் அடையாளம் அது. அளந்து பார்த்தபோது யாருக்கும் பார்வை குறைந்திருக்கவில்லை. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வாங்கிய மார்க் ஸ்பிட்ஸ் வெறும் கண்ணோடு நீந்தியவர்தான். ஒலிம்பிக்கில் நீச்சல் கண்ணாடி வந்தது 1976-ல். அந்தக் காலத்து நீச்சல்காரர்களுக்கு இந்த வளையம் பழகிப்போன விஷயம். இன்று மணிக்கணக்கில் பயிற்சி செய்கிற யாரும் கண்ணாடி இல்லாமல் இறங்குவதில்லை, இறங்கவும் கூடாது. மன்னார் வளைகுடாவில் கடல்பாசி எடுக்கிற பெண்களும் முகத்தில் கண்ணாடி கட்டிக்கொண்டுதான் முங்குகிறார்கள். தினமும் பல மணி நேரம் கடலுக்குள் இருப்பவர்களுக்கு அது வேலைக் கருவி.

கடலில் அலையடிக்கும் இடத்தில் கண்ணைத் திறக்க வேண்டாம். உப்புகூடப் பரவாயில்லை, மணல்தான் கார்னியாவைக் கீறும். கடற்கரைக்காரர்கள் சொறி என்று சொல்லும் ஜெல்லி மீன் இருக்கும் பருவத்தில் முகத்தையே வைக்க வேண்டாம்.

தேங்கிய நீருக்கு வருவோம். இதில் நான் கறாராகவே இருக்கிறேன். 2001-ல் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் ஒரு தென்னிந்தியக் கிராமத்தைப் பற்றி எழுதினார்கள். ஒரே குளத்தில் நீந்தி விளையாடிய பிள்ளைகளுக்குக் கண்ணின் வெள்ளைப் பகுதியில் சின்னச் சின்னக் கட்டிகள். ஆராய்ந்து பார்த்ததில் நத்தைகள் மூலம் பரவும் தட்டைப்புழு வகை. இன்னொன்று ரைனோஸ்போரிடியோசிஸ் என்ற, சதை வளரும் நோய். நம் தென் மாவட்டங்களிலும் இலங்கையிலும் அதிகம் காணப்படுவது. கம்மாய், குளம் என்று தேங்கிய நீரில் குளிப்பவர்களுக்கு வருவது. பெரும்பாலும் மூக்குக்குள் வளரும், சில பேருக்கு இமையின் உள்பக்கத்தில். நான் பார்த்த ஒரு சிறுவனுக்குக் கீழ் இமையைக் கீழே இழுத்ததும் ஸ்ட்ராபெரிப் பழத்துண்டு ஒட்டியிருந்த மாதிரி செக்கச்சிவந்த சதை, மேலே ரவை தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். அறுவை செய்துதான் எடுக்க வேண்டும். எடுத்தாலும் சில நேரம் மறுபடி வளரும். ஆடு மாடு இறங்குகிற, நத்தை மொய்க்கிற, பாசி படர்ந்த நீரில் முங்கிக் கண்ணைத் திறப்பது எத்தனை விநாடி என்றாலும் வேண்டாம்.

மோட்டார் போட்டுத் தண்ணீர் மாறிக்கொண்டே இருக்கும் கிணறு வேறு, பயன்பாடு இல்லாமல் கிடக்கும் கிணறு வேறு. முதலாவதில் நான் பிள்ளைகளைக் கண் திறக்க விடுகிறேன், இரண்டாவதில் இறங்கவே விடுவதில்லை.

கேரளத்தில் 2024-லும் 2025-லும் பேசப்பட்ட "மூளையைத் தின்னும் அமீபா" கண் வழியாக வருமா என்று பலர் பதறிப்போய்க் கேட்கிறார்கள். அது மூக்கு வழியாக ஏறுவது. கண்ணைத் திறப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனால் அகந்தமீபா என்று வேறொன்று இருக்கிறது. அது கார்னியாவையே தாக்கும். யாருக்கு? முக்கியமாகக் காண்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு தண்ணீரில் இறங்குகிறவர்களுக்கு. லென்ஸுக்கும் கார்னியாவுக்கும் நடுவே அது பத்திரமாகத் தங்கிவிடும். வலி தாங்க முடியாது, மருந்து மாதக்கணக்கில் போட வேண்டும், பார்வை போனவர்களும் உண்டு. குளமோ கடலோ வீட்டு ஷவரோ, காண்டாக்ட் லென்ஸோடு தண்ணீர் வேண்டவே வேண்டாம். பவர் வேண்டுமானால் பவர் வைத்த நீச்சல் கண்ணாடியே கடையில் கிடைக்கிறது. கண்ணில் அறுவை செய்துகொண்டவர்கள், கண் வந்திருக்கிறவர்கள் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். மெட்ராஸ் ஐயோடு ஒரு பிள்ளையைக் குளத்தில் இறக்குவது மற்றப் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

கண்ணாடி போட்டால் ஆபத்தே இல்லை என்றும் நினைக்க வேண்டாம். மூக்கை மூடாத சாதாரண நீச்சல் கண்ணாடியோடு கிணற்றின் அடிக்குப் போகக் கூடாது. ஆழம் போகப் போக வெளி அழுத்தம் கூடும், கண்ணாடிக்குள் இருக்கும் காற்றைச் சரிசெய்ய வழி இல்லை, கண்ணை அது உறிஞ்சி இழுக்கும். மேலே வரும்போது வெள்ளை விழியில் ரத்தத்திட்டு. மூக்கையும் சேர்த்து மூடும் முகமூடி என்றால் மூக்கால் கொஞ்சம் காற்றை ஊதிச் சமன் செய்துகொள்ளலாம். இன்னொன்று, கண்ணாடியை முன்னால் இழுத்து டப்பென்று விடுவதைப் பிள்ளைகள் விளையாட்டாகச் செய்வார்கள். பிளாஸ்டிக் விளிம்பு நேராக விழியில் அடிக்கும். இதற்கு மட்டும் நான் சத்தம் போடுவேன்.

உங்கள் மகளுக்கு வருவோம். குளத்தில் ஆரம்பிக்காதீர்கள். வீட்டில் ஒரு பெரிய பேசினில் குடிக்கிற தண்ணீரை ஊற்றி, வெளிச்சம் விழும் இடத்தில் வையுங்கள். கண்ணை மூடிக்கொண்டு முகத்தை வைக்கட்டும், மூக்கால் மெதுவாகக் குமிழி விடட்டும். உள்ளே போன பிறகு கண்ணைத் திறக்கட்டும். திறந்த கண்ணோடு தண்ணீரில் மோதினால்தான் அந்தச் சுரீர் அதிகம். இமையை இறுக்கி மூடினால் திறக்கும்போது பயம் கூடும்; தூங்கும்போது மூடுகிற மாதிரி மூடினால் போதும் என்று சொல்லுங்கள். முதல் நாள் இரண்டு விநாடி. அதற்கு மேல் அவளே கேட்டால் பார்க்கலாம்.

வெளியே வந்ததும் கண்ணைக் கசக்கக் கூடாது. எல்லாப் பிள்ளைகளும் செய்வது இதுதான், பாதிச் சிவப்பு கசக்குவதால் வருவது. நெற்றியிலிருந்து கீழ்நோக்கி உள்ளங்கையால் ஒரே வழிப்பு, அப்புறம் நாலைந்து முறை கண்ணைச் சிமிட்டினால் போதும். குளத்திலிருந்து வந்தால் நல்ல தண்ணீரில் முகத்தைக் கழுவ வேண்டும். உறுத்தல் சில மணி நேரத்தில் போய்விடும். மறுநாளும் சிவப்பு இருந்தாலோ, வலி, வெளிச்சம் பார்க்கக் கூச்சம், பீளை, பார்வை மங்கல் இருந்தாலோ கண் மருத்துவரிடம் காட்டுங்கள். கடையில் சொட்டு மருந்து வாங்கி ஊற்றிப் பார்க்க வேண்டாம்.

பேசினில் பயம் போன பிறகு குளத்தின் ஆழமில்லாத பக்கத்தில், நீங்களோ பயிற்சியாளரோ கைக்கெட்டும் தூரத்தில் நிற்க, அதையே செய்யட்டும். விரலைக் காட்டி எத்தனை என்று கேளுங்கள். தப்பாகச் சொல்லுவாள். அது பார்வையின் இயல்பு, திட்டாதீர்கள். அப்புறம் மஞ்சளாக இருக்கும் ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றை அவள் கையாலேயே போடச் சொல்லுங்கள். அதில் எழுதியிருப்பது எதுவும் தெரியாது, ஒரு மஞ்சள் திட்டு தெரியும், அதைப் பார்த்துக் கையை நீட்டு என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.